மணி சரிதான், எண்ணும் கணக்குதான் வேறு

திசைகாட்டி:
அடிஸ் அபாபாவில் வாங்கும் வெளியூர் பஸ் டிக்கெட். பேனாவால் 11 என்று எழுதியிருக்கும். பத்தரைக்குப் பெட்டியோடு போய் நிற்கிற வெளிநாட்டுக்காரருக்கு வெறும் நிலையம்தான் கிடைக்கும். வண்டி விடியற்காலை 5-க்கே போயிருக்கும். எத்தியோப்பியாவில் காலை 6-இலிருந்து எண்ணுகிறார்கள். நம் 7 அங்கே 1, நண்பகல் 6, மாலை ஆறு 12. இரவு 7-க்கு மறுபடி 1. விமான டிக்கெட் மட்டும் உலக வழக்கப்படி இருக்கும், அதனால் குழப்பம் இரட்டிப்பு.

சின்னமுள்:
கிழக்கு ஆப்பிரிக்க மொழியான ஸ்வாஹிலியிலும் இதே கணக்குதான். "ஸா மோஜா அசுபுஹி" என்றால் சொல்லுக்குச் சொல் காலை ஒரு மணி. பொருள் 7 மணி. தான்சானியாவில் கைக்கடிகாரம் 7 காட்டும், அதைப் பார்த்தபடியே வாய் "ஸா மோஜா" சொல்லும். சின்ன முள்ளுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படித்தால் போதும்: 7-க்கு எதிரே 1, 10-க்கு எதிரே 4. அதே ஆள் ஆங்கிலத்துக்கு மாறினால் செவன் என்பார். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே மனசுக்குள் ஸ்வாஹிலியில் எண்ணினால்தான் ஆறு மணி நேரம் தவறும்.

உதயம்:
இதில் விசித்திரம் ஒன்றுமில்லை. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். விடிந்ததும் எண்ணத் தொடங்குவதுதான் அங்கே இயல்பு. நம் நாழிகையும் உதயத்தில்தானே தொடங்கியது? ஒரு நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60.

தண்டவாளம்:
எண்ணுவது இருக்கட்டும், மதிப்பதுதான் பெரிய வித்தியாசம். ஜப்பானில் 2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் வண்டி ஒன்று 9:44:40-க்குப் பதிலாக 9:44:20-க்குக் கிளம்பியது. 20 நொடி முந்தியதற்கு நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. பயணிகளுக்கான அட்டவணையில் நொடியே கிடையாது, வெறும் 9:44தான். மற்ற இடங்களில் இந்த அக்கறை இல்லை.

சின்னமுள்:
தண்டவாளம், "அக்கறை இல்லை" என்பதை ஏற்க முடியாது. விடியற்காலை பஸ் தன் கணக்கில் சரியாகத்தான் போனது. தவறியவர் வேறு கணக்கில் நின்றார், அவ்வளவுதான்.

அரைமணி:
ஜெர்மனியில் இதைவிடச் சின்ன வித்தியாசம், அதனால் கண்ணுக்கே படாது. "ஹால்ப் டிரை" என்றால் சொல்படி அரை மூன்று. மூன்றரை என்று குறித்துக்கொண்டவர் மருத்துவரிடம் ஒரு மணி நேரம் தாமதமாகப் போவார், அது இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்ற எண்ணம். கிழக்கிலும் தெற்கிலும் "ஃபீர்ட்டல் டிரை" என்றும் கேட்கலாம், கால் மூன்று, அதாவது 2:15. இங்கிலாந்தில் பேச்சுவழக்கில் "ஹாஃப் த்ரீ" என்றால் மூன்றரை! ஒரே சொல்லமைப்பு, ஒரு மணி நேர வித்தியாசம்.

குறிப்பேடு:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாயால் சொன்ன நேரத்தை அப்படியே எழுதாதீர்கள். 24 மணிக் கணக்கில் எழுதிக் காட்டுங்கள்; "விடிந்து எத்தனை மணி நேரம் கழித்து?" என்று இன்னொரு வழியிலும் கேளுங்கள். இரண்டு பதிலும் பொருந்தினால்தான் உறுதி. ஜப்பானிய நிகழ்ச்சி நிரலில் வெள்ளி 25:30 என்றிருந்தால் அச்சுப் பிழை அல்ல, சனி அதிகாலை 1:30. எத்தியோப்பியாவில் தேதியையும் சரிபாருங்கள். 30 நாளில் 12 மாதம், கடைசியில் 5 அல்லது 6 நாள் கொண்ட பாகுமே என்ற 13-ஆம் மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11-இல், சில ஆண்டுகளில் 12-இல். ஆண்டும் 7 அல்லது 8 குறையும். டிக்கெட்டில் 2017 என்று இருந்தால் காலாவதி என்று கிழிக்க வேண்டாம். அது 2024 செப்டம்பரில் தொடங்கிய ஆண்டு.