எம்ஜிஎஃப் 1.8: ஹெட் கேஸ்கெட் மறுபடியும் போய்விட்டது, ஆயிலும் ஒழுகுகிறது

லெஸ்டர்_எம்ஜிஎஃப்:

வணக்கம். என்னிடம் இருப்பது 1999 மாடல் எம்ஜிஎஃப் (இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்), விவிசி (வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு) இல்லாத சாதா 1.8 லிட்டர் இன்ஜின். போன கோடையில் இன்ஜின் சூடேறி, ஹெட்டுக்கும் (இன்ஜினின் மேல் பாகம்) பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனது. இங்கே லெஸ்டரில் ஒரு கராஜில் ஹெட்டை இறக்கி, ஃபேசிங் போட்டு (அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்கி), புது கேஸ்கெட் வைத்துக் கொடுத்தார்கள். குளிர்காலம் முழுக்க ஒழுங்காக ஓடியது. இப்போது மேட்லாக் பக்கம் மேடு ஏறி வந்தால் எக்ஸ்பான்ஷன் டேங்கில் கூலன்ட் ஒரு விரல் அளவு இறங்கிவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்ச நேரம் இன்ஜின் உதறுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது.

கூடவே ஆயில் சொட்டுகிறது. கீழே படுத்துப் பார்த்தால் கியர்பாக்ஸ் சேரும் இடம், சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி), பக்கத்துத் தகடு எல்லாமே நனைந்து கிடக்கிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

கராஜ்காரர் சொல்வது: “இந்த இன்ஜின் இப்படித்தான். இந்தத் தடவை பல அடுக்கு கேஸ்கெட் வைப்போம், கியர்பாக்ஸை இறக்கி கிராங்கின் பின்பக்க சீலையும் மாற்றிவிடலாம்.” அவர் சொல்லும் தொகை வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வருகிறது. செலவு செய்ய நான் தயார். ஆனால் அடுத்த வருடமும் இதே நிலைமை என்றால் என்ன செய்வது? ஆயிலும் கேஸ்கெட்டிலிருந்துதான் வருகிறதா? விவரம் தெரிந்த அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.

டெர்பி_ஸ்பானர்:

தம்பி, கராஜுக்கு இன்னும் சரி சொல்லாதீர்கள். பழைய கேஸ்கெட்டில் ரப்பர் வரம்பு பிரிந்து வரும் குறை இருந்தது உண்மை. ஆனால் புதிதாக வைத்தது ஒரு வருடத்துக்குள் போனால் வேறு ஏதோ அதைக் கெடுத்திருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் இன்னொன்றை வைப்பது வீண் செலவு.

ஆயிலையும் கூலன்ட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் ஓடும்போது அடியில் போகும் காற்று ஆயிலை எல்லாப் பக்கமும் அடித்துப் பூசிவிடும். நனைந்த இடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. டீகிரீசர் போட்டு மேலிருந்து கீழ் வரை கழுவி, நன்றாகக் காயவிட்டு, பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை மெல்லிசாக அடியுங்கள். பத்து மைல் ஓட்டிவிட்டு, துணிக் கூரையின் பின் ஜன்னலை அவிழ்த்து, கார்ப்பெட்டைத் தூக்கி, இன்ஜின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். நனைந்த இடங்களில் எது மிக மேலே இருக்கிறதோ, கசிவு அங்கேதான். தெரியவில்லை என்றால் ஆயிலில் யூவி சாயம் கலந்து இருட்டில் விளக்கடித்துப் பார்க்கலாம்.

என் அனுபவத்தில் இந்த இன்ஜினில் “கிராங்கின் பின்பக்க சீல்” என்று கியர்பாக்ஸை இறக்க வைத்த பல கசிவுகள் மேலே கேம் கேரியரில் (கேம்ஷாஃப்டைத் தாங்கும் பாகம்) இருந்தவை. கேரியருக்கும் ஹெட்டுக்கும் நடுவே கேஸ்கெட்டே கிடையாது, மெல்லிய சீலன்ட் பூச்சு மட்டும்தான். ஹெட்டை இறக்கி ஏற்றியவர் அதை அவசரமாகப் பூசியிருந்தால் மூலையில் கசியும், அப்படியே வழிந்து கியர்பாக்ஸ் இணைப்பில் வந்து சொட்டும். பார்க்கிறவருக்குப் பின் சீல் போலவே தெரியும். கேம் கவர் கேஸ்கெட், கேம் சீல்கள், ஆயில் பிரஷர் சுவிட்ச் இவற்றையும் பார்த்துவிடுங்கள். பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய்) அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலும் கசியும்.

மூடியில் ஒட்டிய வெண்ணெயை நம்பாதீர்கள். குளிரில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் ஈரம் ஆவியாகாமல் அப்படிச் சேரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

கூலன்ட்டுக்கு: டேங்க் வாயில் வைக்கும் ரசாயன டெஸ்டர் மலிவாகக் கிடைக்கும். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்தால் நீலத் திரவம் மஞ்சளாகும். அடுத்து, ஆறிய இன்ஜினில் சிஸ்டத்துக்கு பிரஷர் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி உள்ளே கேமரா விட்டுப் பாருங்கள். மற்ற மூன்று பிஸ்டனும் கரியாக இருந்து ஒன்று மட்டும் கழுவிவிட்டாற்போல் பளிச்சென்று இருந்தால், கூலன்ட் அங்கேதான் இறங்குகிறது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன்: போன தடவை லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்) உயரம் அளந்தார்களா? பில்லில் எழுதியிருக்கிறதா?

எலீஸ்_எஸ்1:

என்னுடையது 1998 லோட்டஸ் எலீஸ் கார். இன்ஜின் இதே கே சீரிஸ், வைத்திருக்கும் இடமும் நடுவில்தான். டெர்பி அண்ணன் சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன். ஒன்று, இன்லெட் மேனிஃபோல்டு கேஸ்கெட். அதன் வழியாகவும் கூலன்ட் போகிறது. அது மெதுவாகக் கசிந்தால் சூட்டில் காய்ந்து தடமே இருக்காது, கடைசியில் ஹெட் கேஸ்கெட்டையும் கொண்டு போய்விடும். மற்றது எம்ஜிஎஃப்புக்கே உரியது. ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால். நடுவே தரைக்கு அடியில் இரும்பு பைப். இங்கே ரோட்டில் போடும் உப்புக்கு அது துருப்பிடித்து ஓட்டையாகும். ஸ்டெயின்லெஸ் பைப் கிடைக்கிறது, மாற்றிவிடுங்கள்.

லெஸ்டர்_எம்ஜிஎஃப்:

மிக்க நன்றி. கழுவிப் பவுடர் அடித்துப் பார்த்தேன். பின் சீல் பக்கம் மேலே கேம் கேரியர் மூலையில் ஒரு கோடு ஈரம், அங்கிருந்துதான் கீழே வழிகிறது. டெஸ்டர் மஞ்சளாகிவிட்டது. தரை பைப்பில் துரு இருக்கிறது, இன்னும் ஓட்டையாகவில்லை. பில்லில் “ஹெட் ஃபேசிங், கேஸ்கெட், டைமிங் பெல்ட், கூலன்ட்” என்று மட்டும்தான் இருக்கிறது. லைனர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போல்ட்டும் மாற்றவில்லை போலிருக்கிறது.

டெர்பி_ஸ்பானர்:

அப்படியானால் கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். எப்படியும் ஹெட்டை இறக்கும்போது கேரியரும் கூடவே வெளியே வரும், அதையும் பிரித்து, சீலன்ட்டை ஒழுங்காகப் பூசித் திரும்ப வைத்தால் அந்தக் கசிவு போய்விடும்.

இனி லைனர். இந்த இன்ஜினில் பத்து நீள போல்ட்டுகள் ஹெட்டில் புகுந்து, பிளாக்கைத் தாண்டி, அடியில் இருக்கும் ஆயில் ரெயில் வரை போய் எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடிக்கின்றன. 1.8இல் லைனர்கள் பிளாக்கின் உள்ளே ஒரு படியில் உட்கார்ந்திருக்கும். அவற்றின் தலை பிளாக் மட்டத்தைவிட 0.1 மி.மீ. அளவுக்கு, நான்கும் சமமாக, வெளியே நிற்க வேண்டும். கேஸ்கெட்டின் நெருப்பு வளையத்தை (ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றியிருக்கும் உலோக வளையம்) அழுத்திப் பிடிப்பதே அந்தத் துளி உயரம்தான். சூடேறிய இன்ஜினில் லைனர் தாழ்ந்திருந்தால் எந்த கேஸ்கெட் வைத்தாலும் நிற்காது, பல அடுக்கு கேஸ்கெட்டும் இதற்கு விலக்கில்லை. டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு லைனரையும் சுற்றிலும் பல இடங்களில் அளந்து, அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். தாழ்ந்திருந்தால் லைனரைக் கழற்றிச் சரி செய்யும் ஆளிடம்தான் போக வேண்டும்.

ஹெட்டை இறக்கிய பிறகு, லைனர்களைக் கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல் கிராங்கைத் திருப்பவே கூடாது. திருப்பினால் பிஸ்டன் லைனரைத் தூக்கிவிடும், அடியில் இருக்கும் சீலன்ட் உடைந்து கூலன்ட் சம்ப்பில் இறங்கும். மேலே அருமையாக வேலை செய்தும் சிலருக்கு ஆயிலில் கூலன்ட் கலப்பது இதனால்தான். வேலை தொடங்கும் முன்பே மெக்கானிக்கிடம் இதைச் சொல்லுங்கள், அவர் கோபித்தாலும் பரவாயில்லை.

ஹெட் ஏற்கனவே ஒரு தடவை சீவப்பட்டது. மொத்தமாகச் சீவ இடம் 0.2 மி.மீ.தான். உயரத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஃபேசிங் போட வேண்டும். சூட்டில் அலுமினியம் இளகிப் போயிருக்கிறதா என்று கடினமும் சோதிக்கச் சொல்லுங்கள். இளகியிருந்தால் நெருப்பு வளையம் ஹெட்டிலேயே பள்ளம் போட்டிருக்கும், நகத்தால் தடவினாலே தட்டும். பல அடுக்கு கேஸ்கெட்டோடு வரும் மெல்லிய தகடு ஹெட் பக்கம் வைப்பதற்கு, அந்தப் பள்ளம் விழாமல் இருக்க. ஹெட்டை இடம் பிசகாமல் நிறுத்தும் டவல் (dowel) பிளாஸ்டிக்காக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பு டவல் வையுங்கள். போல்ட் பத்தும் புதிது, கூடவே பலப்படுத்திய ஆயில் ரெயில். முறுக்கு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக: முதலில் 20 நியூட்டன் மீட்டர், பிறகு 180 டிகிரி, மறுபடி 180 டிகிரி.

தெர்மோஸ்டாட் இந்த வண்டியில் பம்ப்புக்குக் கூலன்ட் உள்ளே வரும் பக்கம் இருக்கிறது. நீளமான பைப்பில் நிற்கும் குளிர்ந்த கூலன்ட் திடீரென்று சூடான இன்ஜினுக்குள் பாயும், அதில் ஹெட்டும் பிளாக்கும் ஒன்றுபோல் விரிவதில்லை. லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் வந்த பிரஷர் ரிலீஃப் தெர்மோஸ்டாட்டை இதிலும் மாட்டலாம், கையில் காசு இருந்தால் செய்துவிடுங்கள். அதைவிட முக்கியம் கூலன்ட் லெவல் அலாரம். வெப்ப மீட்டர் முள் நடுவிலேயே நிற்கும், அது ஏறும்போது காலம் கடந்திருக்கும்.

கூலன்ட்டில் சிக்கிய ஏர் எடுக்கும்போது கூடவே நில்லுங்கள். ரேடியேட்டர் மேல் ஒரு ஸ்க்ரூ, ஹீட்டர் பைப்பில் ஒன்று, இன்ஜின் பக்கம் கூலன்ட் ரெயிலில் ஒன்று. மூன்றிலும் குமிழி நின்று திரவம் மட்டும் வர வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு இன்ஜின் முழுதாக ஆறியதும் டேங்கைப் பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு மறுபடி ஏர் எடுங்கள். லைனர் அளவு கிடைத்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.