ஹகினை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பழைய என்ஃபியூஸையே தேடுகிறது. சுத்தமாக எடுப்பது எப்படி?

கேள்வி: ஜன்னலோரம்

விண்டோஸ் 11, 16 ஜிபி ராம். அறைக்குள் −2, 0, +2 என்று மூன்று எக்ஸ்போஷரில் எடுத்த படங்களை ஒன்றாக்க ஹகின் பயன்படுத்துகிறேன். ஜன்னலும் வெளுக்கக்கூடாது, மூலையும் இருட்டாகக்கூடாது. முன்பு என்பிளெண்ட்-என்ஃபியூஸை (படங்களைக் கலக்க ஹகின் கூப்பிடும் துணைப் புரோகிராம்கள்) தனியாக ஜிப்பாக இறக்கி, சி டிரைவில் ஒரு ஃபோல்டரில் பிரித்து, பாத்திலும் (புரோகிராம்களை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்த்திருந்தேன். அந்த ஃபோல்டரை இப்போது டெலீட் செய்துவிட்டேன். அன்றிலிருந்து ஸ்டிட்ச் (படங்களை இணைக்கும் வேலை) கொடுத்தால் என்ஃபியூஸ் கட்டத்தில் நின்றுவிடுகிறது. லாக் விண்டோவில் டெலீட் செய்த அதே ஃபோல்டரின் பெயர்தான் வருகிறது. செட்டிங்ஸ், ஆப்ஸ் வழியாக ஹகினை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்து, புதிய பதிப்பைப் போட்டேன். மாற்றமில்லை. எதை, எங்கே துடைக்க வேண்டும்?

பதில் 1: அடுக்குப்படம்

புரோகிராம் போய்விட்டது, உங்கள் அமைப்புகள் போகவில்லை. அதுதான் காரணம். அன்இன்ஸ்டாலர் புரோகிராம் ஃபைல்ஸில் உள்ளதை எடுக்கும். நீங்கள் ப்ரிஃபரன்ஸில் மாற்றியவை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்), ஹெச்கீ கரண்ட் யூசர் > சாஃப்ட்வேர் > ஹகின் என்ற இடத்தில் அப்படியே இருக்கும். புதிய பதிப்பும் முதல் வேலையாக அதைத்தான் படிக்கும்.

முதலில் ரெஜிஸ்ட்ரியைத் தொடாமலே பாருங்கள். ஹகினில் ஃபைல் > ப்ரிஃபரன்சஸ் > ப்ரோக்ராம்ஸ் டேப். என்பிளெண்டுக்கும் என்ஃபியூஸுக்கும் தனித்தனியாக ‘மாற்றுப் புரோகிராம் பயன்படுத்து’ என்ற டிக் பெட்டி இருக்கும். எப்போதோ அதை டிக் செய்து பழைய ஃபோல்டரைக் காட்டியிருப்பீர்கள். இரண்டிலும் டிக்கை எடுத்து ஓகே கொடுங்கள். ஹகினோடு வரும் என்ஃபியூஸ் ஹகினின் ‘bin’ ஃபோல்டரிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டியதில்லை.

அதிலும் சரியாகவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரி. ஹகினை மூடுங்கள். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் மேலே சொன்ன ஹகின் கீ மேல் ரைட் கிளிக், எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொண்டு, பிறகு டெலீட். அடுத்த முறை திறக்கும்போது எல்லாம் புதிதாக வரும். ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’ என்று விற்கும் எதையும் இதற்காகப் போடாதீர்கள். ஒரே ஒரு கீ, கையால் எடுக்கக் கூடியது.

அடுத்து பாத். ஸ்டார்ட் மெனுவில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்று தேடி, யூசர், சிஸ்டம் இரண்டு பட்டியலிலும் பாத்தைத் திறந்து, பழைய ஃபோல்டர் வரியை மட்டும் நீக்குங்கள். இதைக் கமாண்டில் செட்எக்ஸ் கொண்டு செய்யச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு, வேண்டாம். செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் வெட்டிவிடும். பாத் நீளமாக இருந்தால் வால் பக்கம் இருக்கும் மற்ற புரோகிராம்களின் வழியும் சேர்ந்து போய்விடும்.

சரிபார்க்க: புதிதாக ஒரு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ‘where enfuse’ கமாண்டைக் கொடுங்கள். ஏற்கெனவே திறந்திருப்பதில் பழைய பாத்தான் இருக்கும். பல வரி வந்தால் முதல் வரியில் இருப்பதுதான் ஓடும். பவர்ஷெல்லில் ‘where’ என்ற அதே சொல் வேறு கமாண்டைக் குறிக்கும், அதனால் அங்கே ஒன்றும் வராது. அதை வைத்து என்ஃபியூஸ் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

பதில் 2: லென்ஸ்கண்

ஒன்றைக் காப்பாற்றிவிட்டு மற்றதைத் துடையுங்கள். ஆப்டேட்டா > ரோமிங் உள்ளே ஹகின் என்ற ஃபோல்டரில் கேம்லென்ஸ் என்ற டேட்டாபேஸ் ஃபைல் இருக்கும். உங்கள் லென்ஸின் வளைவு, ஓர இருட்டு அளவுகளை ஹகின் அதில்தான் சேர்த்து வைக்கிறது. முழுசாக நீக்குபவர்கள் இதையும் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு எல்லா லென்ஸுக்கும் மறுபடி அளவெடுக்க உட்கார வேண்டியிருக்கும்.

படம் சேமிக்கும் ஃபோல்டரையும் பாருங்கள். பாதியில் நிறுத்திய ஸ்டிட்ச் இடைநிலை டிஃப் (TIFF) படஃபைல்களை விட்டுவிட்டுப் போகும். 24 மெகாபிக்சல் படம், 16 பிட், ஆல்ஃபாவோடு சேர்த்து, சுருக்காமல் 192 எம்பி. மூன்று படம் என்றால் ஐந்நூறு எம்பியைத் தாண்டிவிடும். இன்ஸ்டால் செய்த புரோகிராமை விட அது விட்டுச் செல்லும் குப்பைதான் பெரிது.

பதில் 3: புள்ளிஃபோல்டர்

லினக்ஸில் இதே பிரச்சினையோடு வருபவர்களுக்கு: டெபியன், உபுண்டுவில் ஹகின், என்பிளெண்ட், என்ஃபியூஸ் மூன்றும் தனித்தனி பேக்கேஜ். ஹகினை மட்டும் ரிமூவ் செய்தால் மற்ற இரண்டும் தங்கும். நீங்களே பெயர் சொல்லிப் போட்டவை என்றால் ஆட்டோரிமூவும் தொடாது. பர்ஜ் (அமைப்போடு நீக்கும் கமாண்ட்) கொடுத்தாலும் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் அமைப்புகள் போகாது. ஃபைல் மேனேஜரில் கண்ட்ரோல்+ஹெச் அழுத்தி, புள்ளியில் தொடங்கும் ஹகின் பெயர்களைப் பாருங்கள். என்ஃபியூஸை எடுக்குமுன் யோசியுங்கள்: டிஜிகேம் என்ற படத்தொகுப்பு புரோகிராமின் எக்ஸ்போஷர் பிளெண்டிங்கும் அதையேதான் கூப்பிடுகிறது.

சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தது ‘/usr/local’ ஃபோல்டருக்குள் இருக்கும். பொதுவாக பேக்கேஜை விட அதுதான் முன்னால் அகப்படும். அதை ஆப்ட் (பேக்கேஜ்களைப் போட்டு எடுக்கும் கருவி) அறியாது. ஹகினை பில்ட் செய்த ஃபோல்டரை வைத்திருந்தால், எந்தெந்த ஃபைல் எங்கே போனது என்ற இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட் பட்டியல் அதற்குள் இருக்கும். ஃபிளாட்பேக் என்றால் நீக்கும்போது டிலீட்-டேட்டா ஆப்ஷனையும் சேர்த்தால் அமைப்புகளும் சேர்ந்து போகும்.

கேள்வி கேட்டவர்: ஜன்னலோரம்

டிக்கை எடுத்ததும் புதிய ப்ராஜெக்ட் சரியாக முடிந்தது. பாத்திலும் பழைய வரி இருந்தது, நீக்கிவிட்டேன். ஆனால் பழைய ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்தால் இப்போது ‘தெரியாத ஆப்ஷன்’ என்று நிற்கிறது. இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பதில் 4: அடுக்குப்படம்

இது கம்ப்யூட்டரில் இல்லை, ப்ராஜெக்டுக்குள்ளேயே இருக்கிறது. ஹகின் ப்ராஜெக்டைச் சேமிக்கும் பிடிஓ ஃபைல் வெறும் டெக்ஸ்ட்தான். என்பிளெண்ட், என்ஃபியூஸ் ஆப்ஷன்களுக்குத் தனித்தனி வரி அதில் எழுதி வைக்கப்படும். பழைய பதிப்புக்குக் கொடுத்த ஆப்ஷனைப் புதியது அறியவில்லை என்றால் இப்படித்தான் நிற்கும். இன்டர்ஃபேஸை எக்ஸ்பர்ட்டுக்கு மாற்றி, ஸ்டிட்சர் டேபில் என்ஃபியூஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, அந்தப் பெட்டியைக் காலியாக்கி சேவ் செய்யுங்கள்.

காலியாக விட்டால் எக்ஸ்போஷர் வெயிட் 1, சாச்சுரேஷன் 0.2, கான்ட்ராஸ்ட் 0 என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் அறைப் படங்களுக்கு அதுவே போதும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் (வெவ்வேறு ஃபோகஸில் எடுத்ததை ஒன்றாக்கும்) ப்ராஜெக்ட் ஏதாவது இருந்தால் மட்டும் காலியாக விடாதீர்கள். அதற்கு எக்ஸ்போஷர் 0, சாச்சுரேஷன் 0, கான்ட்ராஸ்ட் 1, கூடவே ஹார்ட் மாஸ்க் என்று நீங்களே மறுபடி எழுத வேண்டும். இல்லாவிட்டால் எரர் எதுவும் காட்டாமலே மங்கலான படத்தைக் கொடுத்துவிடும்.