புரட்டாசியில் இத்தாலி சுற்றுலா: மாமியாரை அழைத்துப் போகலாமா?

சாட்ஸ்வொர்த் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் ஒரு ஏஜென்ட் காட்டிய குழுச் சுற்றுலாவில் மனம் ஒட்டிக்கொண்டது. ரோம், ஃபிளாரன்ஸ், பொலோஞ்யா, ரவென்னா, பதுவா, கடைசியில் வெனிஸ். காலையில் ஓவியம், சிற்பம், மதியம் அந்தந்த ஊர்ச் சாப்பாடு, கூடவே வழிகாட்டி. செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறார்கள், விலையும் கட்டுப்படியாகிறது. சிக்கல் என்னவென்றால் அது புரட்டாசி. எங்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, முட்டையும் கிடையாது. மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆனால் போகிற ஆசை அவருக்குத்தான் அதிகம். "ரொட்டியும் தக்காளியும் இல்லாத ஊரா?" என்கிறார். ஏஜென்டைக் கேட்டால் "வெஜிடேரியன் ஏற்பாடு உண்டு மேடம்" என்பதோடு சரி. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன். விசாவுக்கு எப்போது ஓட வேண்டும்?

டோங்காட் பையன்:
அக்கா, சாப்பாடு எனக்குத் தெரியாது, விசா தெரியும். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், ஆனால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் பாடு. விசா கைக்கு வரும் முன் முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள்.

பந்தல் சமையல்காரி:
தங்கச்சி, தாராளமாகப் போங்கள். அந்த ஏஜென்ட் வாக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சமைக்கிறவள். இதே மாதிரி ஒரு குழுவோடு போனபோது கண்ணைவிட மூக்குக்குத்தான் வேலை அதிகம்.

தட்டில் கறித்துண்டு தெரியவில்லை என்றால் அங்கே சிலர் சைவம் என்றே கொண்டுவந்து வைக்கிறார்கள். ஃபிளாரன்ஸில் ஒரு பருப்பு சூப், கரண்டியை வாயருகே கொண்டுபோனதும் பன்றிக்கொழுப்பு வாசனை. வெங்காயம், கேரட், செலரியோடு பான்செட்டா என்ற உப்பிட்ட பன்றிக்கறியையும் பொடிப்பொடியாக நறுக்கி வதக்கியிருந்தார்கள். ரவென்னா பக்கம் தெருவெல்லாம் விற்கும் பியாதினா ரொட்டி மாவைப் பன்றிக்கொழுப்பு சேர்த்துப் பிசைவதுதான் பழைய வழக்கம். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். முட்டைக்குப் பொலோஞ்யாதான் கண்டம். தாலியாத்தெல்லே, லசாஞ்யா என்று அங்கே செய்யும் பாஸ்தா எல்லாமே முட்டை மாவு. தொர்தெல்லீனி கேட்கவே வேண்டாம், உள்ளே பன்றி, சுற்றிலும் கறிச்சாறு. காய்ந்த பாஸ்தா கோதுமை ரவையும் தண்ணீரும்தான், அதையே கேளுங்கள்.

பொலோஞ்யாவிலிருந்து பார்மிஜானோ சீஸ் செய்கிற இடத்துக்குக் கட்டாயம் கூட்டிப்போவார்கள். விடிகாலை வேலை, தூங்கிவிடாதீர்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான செப்புக் கொப்பரை, அடியில் திரண்டு கிடக்கும் பாலை ஒரு மரத்துடுப்பால் நெம்பி மேலே கொண்டுவந்து, துணியில் ஏந்தி, கத்தியால் இரண்டாக வெட்டி இரண்டு துணியில் தொங்கவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் பிற்பாடு 40 கிலோ வட்டு. உப்புத் தண்ணீரில் ஊறிவிட்டு, குறைந்தது 12 மாதம் அலமாரியில். அதன்பிறகு ஒருவர் சிறு சுத்தியலால் தட்டித்தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே வெடிப்பு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்ப்பேன். ஆனால் பாலைத் திரிப்பது கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால். புரட்டாசியில் உங்கள் மாமியார் அதைத் தொடுவாரா என்பது அவர் பாடு. பாஸ்தாமேல் தூவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கேட்காமலே தூவுவார்கள்.

சாப்பிட என்ன இருக்கிறது? நிறைய. ஃபிளாரன்ஸில் பழைய ரொட்டி, தக்காளி, பூண்டு போட்டு வேகவைக்கும் 'பாப்பா அல் பொமொதோரோ'. கறுப்புக் கோஸும் வெள்ளை பீன்ஸும் போட்ட 'ரிபொல்லீத்தா', இதில் மட்டும் பன்றி இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாரன்ஸ் இருக்கிற தஸ்கனி பகுதி ரொட்டியில் உப்பு போடுவதே இல்லை, மாமியார் முகம் சுளிக்கத்தான் செய்வார். மரினாரா பிட்சாவில் சீஸே கிடையாது. செப்டம்பரில் போவதால் உங்களுக்கு ஒரு யோகம், திராட்சை அறுவடை நேரத்தில் மட்டும் சுடும் திராட்சை ரொட்டி கிடைக்கும். விதையோடு கடிக்க வேண்டும்.

ஒரு தாளில் இத்தாலிய மொழியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கறி, கறிச்சாறு, பன்றிக்கொழுப்பு, முட்டை, சீஸ் எதுவும் கூடாது என்று. வழிகாட்டியிடம் காட்டாமல் நேரே சமையல்கட்டுக்கு அனுப்புங்கள்.

ஓவியத்தில் எனக்கு வாத்தியார்கள் மாதிரிப் பேச வராது. ஆனால் ரவென்னாவை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். ரோமானிய அரசி காலா பிளாசிதியா பேரில் உள்ள சமாதி வெளியே வெறும் செங்கல், உள்ளே நுழைந்தால் கூரை முழுக்க நீல மொசைக், பொன் நட்சத்திரம். பக்கத்திலேயே சான் வித்தாலே கோயில், 547இல் முடித்தது. ஊர் சமதரை, மூட்டுக்கு நல்லது. ஃபிளாரன்ஸ் கதீட்ரல் குவிமாடத்துக்கு மட்டும் மாமியாரை ஏற்றாதீர்கள், 463 படி, லிஃப்ட் கிடையாது.

மாரிட்ஸ்பர்க் ஓவிய வாத்தியார்:
என்னையா சொன்னீர்கள் அம்மா? சரி. தங்கையே, நிகழ்ச்சி நிரலில் கிழமையைப் பாருங்கள். ஃபிளாரன்ஸில் உஃபிஸி ஓவியக்கூடமும், மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை நிற்கும் அக்காதெமியாவும் திங்கள் விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். பதுவாவில் ஜொத்தோ வரைந்த ஸ்க்ரொவேஞ்யி சிற்றாலயத்துக்கு முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. முதலில் ஒரு அடைத்த அறையில் 15 நிமிடம் உட்கார வைப்பார்கள், உங்களோடு வரும் ஈரமும் தூசியும் ஓவியத்தைக் கெடுக்காமலிருக்க. அப்புறம் உள்ளே வழக்கமாகக் கால் மணி நேரம்தான். அந்த டிக்கெட் சுற்றுலாக் கட்டணத்தில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:
ரொம்ப நன்றி. அக்கா சொன்னதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். சீஸ் வேண்டாமாம், சுத்தியல் தட்டுவதைப் பார்க்க வேண்டுமாம். ஊறுகாயும் பொடியும் எடுத்துப் போகலாமா?

பந்தல் சமையல்காரி:
பொடி எடுத்துப் போங்கள், எண்ணெய் கசியாமல் மாங்காய் ஊறுகாயும். பால், நெய், கறிவகை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.