பொருள்: ‘புறவழி எச்சரிக்கை’ வேண்டாம், ‘தனிவழி’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். அலுவலகப் பிணையம் (நெட்வொர்க்) நின்றுபோனாலும், அதைத் தொடாமல் வேறு வழியில் பொறுப்பாளருக்குச் செய்தி போவதை ஆங்கிலத்தில் ‘out-of-band alert’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது நம் குழுவில் வந்த கேள்வி இது:

> கண்காணிப்பு மென்பொருள் மோடெம் (தொலைபேசி வழியே தகவல் அனுப்பும் பெட்டி) வழியாக அனுப்புவதைப் ‘புறவழி எச்சரிக்கை’ எனலாமே?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புறவழிச்சாலை ஊரைச் சுற்றிப்போய் மறுபடி அதே நெடுஞ்சாலையில் சேரும். நாம் பெயர் தேடும் வழியோ அலுவலகப் பிணையத்தை எந்த இடத்திலும் தொடக் கூடாது. ‘மாற்றுவழி’யும் சரிவராது, முதல் வழி அடைபட்டபின் தேடுவது அது. இது எல்லாம் நன்றாக ஓடும்போதே பிரிந்து கிடக்க வேண்டியது. அதனால்தான் ‘தனிவழி’ என்கிறேன்.

பட்டதைச் சொல்கிறேன். சிங்கப்பூரில், தை செங் வட்டாரத்தில் எங்கள் கணினி அறை. ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு முதன்மை சுவிட்ச் (கணினிகளைப் பிணையத்தில் இணைக்கும் பெட்டி) நின்றுவிட்டது. மென்பொருள் உடனே கண்டுபிடித்து மின்னஞ்சலும் எழுதிவிட்டது. அது வெளியே போக இருந்த ஒரே வழி, நின்றுபோன அதே சுவிட்ச். அன்று பொறுப்பில் இருந்தவன் நான். ஈசூனில் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், கைப்பேசி தலைமாட்டில். காலையில் முதலில் வந்த ஊழியர் கூப்பிட்டபிறகுதான் ஓடினேன். சுவிட்சை மாற்றியதும் 41 மின்னஞ்சல்கள் ஒரே மூச்சில் வந்து கொட்டின.

அப்புறம் மோடெம் வாங்கினோம். பேஜர் காலத்தில் தொலைபேசிக் கம்பியில் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் பேசும் சீரியல் மோடெமே போதுமானதாக இருந்தது. இப்போது சிம் போடும் பெட்டி. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றுவிட்டதால் 4ஜிதான். வாங்கும்போது ‘தனி’ என்ற சொல்லே எங்களுக்குக் கேள்விகளை எடுத்துக்கொடுத்தது. மின்சாரம் போனாலும் யூபிஎஸ் தாங்குமா? அலுவலக இணையம் ஒரு நிறுவனத்துடையது என்றால் சிம் வேறு நிறுவனத்துடையதா? இரும்பு அலமாரிக்கு வெளியே ஆன்டெனா நீளுமா? முன்கட்டண சிம் வேண்டவே வேண்டாம். யாரும் கவனிக்காமல் காலாவதியாகிவிடும்.

‘மோடெம்’ அப்படியே இருக்கட்டும். பண்பேற்றி, பண்பிறக்கி என்று அதைத் தமிழாக்குவதெல்லாம் பாடப்புத்தகத்துக்குச் சரி.

எனக்கு இன்னும் உறுத்துவது ‘எச்சரிக்கை’தான். வருமுன் சொல்வதுதானே எச்சரிக்கை? இது வந்தபின் ஆளை எழுப்புவது. ‘தனிவழி எழுப்பல்’ என்று எங்கள் குழுவில் சொல்லிப் பார்த்தேன். இப்போது காலையில் பணி மாறும்போது, “நேற்று ராத்திரி எத்தனை எழுப்பல்?” என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.