பீன்யாவில் செட்டர்கள் நிற்பதில்லை, என்ன செய்யலாம்?

பட்டறைக்காரர், பீன்யா:
வணக்கம். பதினோரு வருடமாக இங்கே, பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில், சி.என்.சி. ஜாப் ஒர்க் செய்கிறேன், அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்களில் மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிறேன். 24 பேர் வேலை பார்க்கிறார்கள். மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுப்பவர்கள்தான் செட்டர்கள், ஏழு மாதத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள். கடைசியாகப் போன பையன் கிருஷ்ணகிரிப் பக்கம், ஐ.டி.ஐ. முடித்த கையோடு என்னிடம் வந்தவன். மெஷினை ஓட்டும் ஃபானுக் கண்ட்ரோலில் அவன் முதல் புரோகிராம் போட்டபோது நான்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். போன வருடம் ஜனவரியில் 20,500 சம்பளத்தை 22,500 ஆக்கினேன். இந்த ஜூனில் ஓசூருக்குப் போய்விட்டான். அங்கே 25,000 என்றான். ஒரு வி.எம்.சி. மில்லிங் மெஷின் மூன்று வாரமாகச் சும்மா நிற்கிறது, வங்கித் தவணை மட்டும் மாதம் பிறந்தால் போகிறது. பெரிய கம்பெனிகளோடு சம்பளத்தில் போட்டி போட என்னால் ஆகாது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

சம்பளக் கணக்குப் பார்ப்பவர், ராஜாஜிநகர்:
சார், அந்த 22,500-ஐத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கான மாதச் சம்பள வரம்பு 21,000. நீங்கள் ஜனவரியில் ஏற்றியதால் மார்ச்சோடு பிடித்தம் நின்றிருக்கும். அதுவரை கட்டியதற்கான பலன் டிசம்பரோடு முடிந்திருக்கும். கைக்கு 2,000 கூடியது, ஆனால் இந்த ஜனவரியிலிருந்து அவர் குடும்பத்துக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கிடையாது. அதற்குப் பதிலாக மெடிக்கல் பாலிசி ஏதாவது எடுத்தீர்களா? உங்கள் பங்கு 3.25 சதவீதம், அந்தப் பழைய சம்பளத்துக்கு மாதம் சுமார் 666 ரூபாய், உங்களுக்கு மிச்சமாகிறது. முதலில் அதைப் பிரீமியத்தில் போடுங்கள்.

செட்டர், ஓசூர்:
அண்ணா, நானும் பீன்யாவிலிருந்து வந்தவன்தான். நாலு வருடம் ஒரு பட்டறையில் இருந்தேன். ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு கூலி என்பது சட்டம், எங்களுக்கு ஒற்றைக் கூலிதான். 7-ஆம் தேதிக்குள் வரவேண்டிய சம்பளம் 18-ஆம் தேதி வரும். அதையும் பொறுத்துக்கொண்டேன். நாலு வருடமும் வால்வ் பாடி என்ற ஒரே பாகத்தையே மெஷினில் ஓட்டினேன். அப்புறம் புதிதாக 5-ஆக்சிஸ் மெஷின் வந்தது. அதற்கு வெளியாளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், எங்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் பயோடேட்டா எழுதினேன். விலகும்போது சம்பளம் போதவில்லை என்றேன். அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அந்தப் பையனுக்கும் வேறு காரணம் இருக்கலாம், ஒரு போன் போட்டுக் கேட்டுப்பாருங்கள்.

பட்டறைக்காரர், பீன்யா:
நேற்று இரவு பேசினேன். பிப்ரவரியில் மனைவிக்குப் பிரசவம், ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரியில் 90,000 ஆகியிருக்கிறது, வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறான். லீவு கேட்டபோது நான் என்ன ஏது என்று விசாரிக்கவே இல்லை. திரும்பி வரமாட்டான், நானும் வற்புறுத்தவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறதாம். 21,000-க்கு மேல் வாங்குகிற ஒன்பது பேருக்கும் குடும்பத்தோடு பாலிசி எடுக்க இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறேன். லேத்தில் இருக்கும் ஒரு பையன் வி.எம்.சி. கற்றுக்கொள்ள வேண்டும் என்று போன தீபாவளிக்கே கேட்டான், வேலை கெட்டுவிடும் என்று தள்ளிப்போட்டேன். திங்கட்கிழமை முதல் சும்மா நிற்கிற அந்த மெஷினில் அவனோடு நானே நிற்கப்போகிறேன்.