ஸ்காபரோ—றூஜ் ரிவர் தொகுதி எந்த ஆண்டில் ஒழிந்தது? மலரில் வந்த பிழை பற்றி

மால்வேர்ன்வாசி

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சங்க ஒன்றுகூடலில் மலர் ஒன்றைக் கையில் திணித்தார்கள். 14ஆம் பக்கத்தில் ஒரு வரி: "கனடாவின் முதல் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினரைத் தந்த ஸ்காபரோ—றூஜ் ரிவர் தொகுதி 2013இல் ஒழிக்கப்பட்டது." கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். 2013!

அப்படியென்றால் அந்த முதல் உறுப்பினர் ராதிகா சிற்சபைஈசன் 2013க்குப் பிறகு ஒட்டாவாவில் எந்த ஊருக்காக உட்கார்ந்திருந்தார்? இல்லாத ஊருக்கா? 1988 தேர்தலில் பிறந்த தொகுதி 2015 ஆகஸ்ட் 2ஆம் திகதி, பாராளுமன்றம் கலைக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, போய்ச் சேர்ந்தது. நான் அந்தத் தொகுதியில் இருந்தவன். மலரில் எழுதியவர் இந்தக் களத்தில்தான் உலவுகிறார் என்று கேள்விப்பட்டேன். வந்து பதில் சொல்லட்டும்.

சட்டப்புள்ளி

எழுதியவன் நான்தான். ஒளிந்துகொள்ளவில்லை. புதிய எல்லைகளுக்கான பிரகடனம் 2013 அக்டோபர் 5ஆம் திகதி வெளியானது. 308 தொகுதிகள் 338 ஆயின. ஒன்ராறியோவுக்கு மட்டும் 15 புதிய இடங்கள், மொத்தம் 121. அந்தப் பட்டியலில் றூஜ் ரிவர் என்ற பெயர் இல்லை. சட்டப்படி ஒழித்த ஆண்டு 2013. வடையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்விக்குறி

"ஒழிக்கப்பட்டது" என்பதற்கு இருவரும் ஒரே பொருளைத்தான் கொள்கிறீர்களா? ஒருவர் பிரகடனம் வெளியான நாளையும் மற்றவர் அது நடைமுறைக்கு வந்த நாளையும் சொல்வதாகத் தோன்றுகிறது.

மால்வேர்ன்வாசி

சட்டப்புள்ளி, மரண அறிவித்தல் போட்டுவிட்டால் ஆள் செத்துவிட்டாரா? அதே பிரகடனம்தான், அடுத்த முறை பாராளுமன்றம் கலையும்வரை பழைய எல்லைகளே செல்லும் என்கிறது. அந்த வரியை வாசிக்காமல் மலருக்கு எழுதப் புறப்பட்டுவிட்டீர்கள். மூச்சு இருக்கும்போதே அந்தியேட்டிக்கு நாள் குறித்தவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

2015.

மூன்றாம்மாடி

இரண்டு பேருமே பிழை. 2018. 2016 செப்டம்பர் 1ஆம் திகதி ஸ்காபரோ—றூஜ் ரிவரில் இடைத்தேர்தல் நடந்தது. வரிசையில் நின்று வாக்களித்தேன். றேமண்ட் சோ வென்றார். 2015இல் செத்த தொகுதியில் 2016இல் தேர்தல் வைத்தது யார், ஆவிகளா?

மால்வேர்ன்வாசி

அது மாகாணத் தொகுதி ஐயா! பெயர் ஒன்று, வீடு வேறு. 1999 முதல் ஒன்ராறியோ மாகாணம் கூட்டாட்சித் தொகுதிகளின் பெயரையும் எல்லையையும் இரவல் வாங்கியது. இரவல் வாங்கியவர் நகையைப் பிந்தித் திருப்பிக் கொடுத்தால், உரிமையாளரின் கணக்கில் மூன்று ஆண்டு கூடிவிடுமா?

மூன்றாம்மாடி

தலைப்பில் "தொகுதி" என்றுதான் இருக்கிறது. எந்தத் தொகுதி என்று எங்கே இருக்கிறது? ரொறொன்ரோ மாநகரசபையின் 41ஆம், 42ஆம் வட்டாரங்களுக்கும் 2018வரை அதே பெயர்தான். நீதன் சண் 2017 பெப்ரவரியில் வென்றது அந்த 42இல். என் வீட்டு வாசலில் அட்டை குத்தினார்கள். 2018தான்.

காவிரிக்கரை

நான் மிசிசாகாவில் இருக்கிறேன், தஞ்சாவூர்க்காரன். இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அது "ஸ்கார்பரோ". "றூஜ்" என்று வல்லின றகரத்தில் சொல்லைத் தொடங்குவது எந்த இலக்கணம்? மொழிமுதலில் றகரம் வராது. "டொராண்டோ" என்று எழுதினால் உங்களுக்கு எல்லாம் ஏன் காய்ச்சல் வருகிறது என்பதும் எனக்குப் புரியவில்லை.

மால்வேர்ன்வாசி

மொழிமுதலில் டகரமும் வராது தம்பி. டொராண்டோவுக்கு முதலில் இலக்கணம் பாருங்கள். நாங்கள் ரொறொன்ரோ என்றுதான் எழுதுவோம், எங்கள் கடைப்பலகைகளும் அப்படித்தான். ரகரத்திலும் தொடங்கக் கூடாதென்று தொல்காப்பியத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அது எனக்கும் தெரியும்.

நெடுங்கோடு

எழுத்தை விடுங்கள். மலரில் ஸ்காபரோவுக்கும் றூஜுக்கும் நடுவே சிறிய இணைப்புக்கோடு போட்டிருக்கிறது. கனடாவில் இரு இடங்களைச் சேர்த்துப் பெயரிடும்போது நெடுங்கோடு. ஓர் இடப்பெயரின் உள்ளேயே கோடு இருந்தால்தான் சிறுகோடு. இது அச்சுப் பிழை இல்லை, அறிவுப் பிழை.

சட்டப்புள்ளி

கோட்டை அச்சகத்தில் கேளுங்கள். ஆண்டுக்கு நான் பொறுப்பு. 2013.

மால்வேர்ன்வாசிக்கு ஒரு நினைவூட்டல். போன சித்திரையில் 133 நீல்சன் பஸ் எந்தத் தெருவால் திரும்புகிறது என்று மூன்று நாள் இதே களத்தில் அடம்பிடித்தவர் நீங்கள். முடிவு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.

மால்வேர்ன்வாசி

அந்த பஸ் அப்போது திருப்பிவிடப்பட்டிருந்தது! வீதி வேலை நடந்தது! அன்றைக்கே சொன்னேன், கேட்க ஆள் இல்லை.

சரி, பஸ் வேண்டாம். இதற்குப் பதில் சொல்லுங்கள். 2014 ஜூன் 30ஆம் திகதி பக்கத்துத் தொகுதியான ஸ்காபரோ—அஜின்கோர்ட்டில் கூட்டாட்சி இடைத்தேர்தல். ஆர்னல்ட் சான் வென்றார். எந்த எல்லைகளில் நடந்தது? பழைய எல்லைகளில்! இன்னும் கேளுங்கள். நிதியமைச்சராக இருந்த ஜிம் பிளாஹெர்ட்டி இறந்த பிறகு 2014 நவம்பரில் விற்பி—ஓஷவாவில் இடைத்தேர்தல். அதுவும் உங்கள் 2013 பட்டியலில் இல்லாமல் போன தொகுதிதான். ஒழிந்த தொகுதியில் எப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்?

இன்னொன்று. என் அப்பா தன் தேவாரப் புத்தகத்துக்குள் 2011 வாக்காளர் தகவல் அட்டையை வைத்திருந்தார். போன ஆண்டு அந்தப் புத்தகத்தைத் துடைக்கும்போது கையில் விழுந்தது. மடிப்பு இல்லை, ஓரத்தில் மட்டும் விபூதி. மே 2, திங்கட்கிழமை, பாடசாலை உடற்பயிற்சி மண்டபம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டிருந்தார்கள். வாக்குச்சீட்டோடு பென்சில் தந்ததும் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பென்சிலா? அழித்துவிட்டால்?" என்று தமிழில் உரக்கக் கேட்டார். பின்னால் நின்ற சீனக் கிழவிகூடத் திரும்பிப் பார்த்தார். பிறகு புள்ளடியை அழுத்தி அழுத்திப் போட்டார், மறுபக்கம் தெரிகிற அளவுக்கு. அந்தத் தொகுதியை 2013இல் ஒழித்தது என்று எழுத எப்படி மனம் வந்தது?

சட்டப்புள்ளி

2011 அட்டை 2015ஐ எப்படி நிரூபிக்கிறது? விபூதி பூசினால் சாட்சியாகிவிடுமா?

வடலி

இவ்வளவு நேரம் ஆண்டைப் பற்றியே அடித்துக்கொள்கிறீர்கள். ஏன் உடைத்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா? 2011இல் ஒரு தமிழ்ப் பெண் வென்றாள். நான்கே ஆண்டுகளில் தொகுதியை இரண்டாகக் கிழித்து மேற்குப் பக்கத்தை ஸ்காபரோ வடக்குக்கும் கிழக்குப் பக்கத்தை றூஜ் பார்க்குக்கும் கொடுத்தார்கள். ராதிகா ஸ்காபரோ வடக்கில் ஷோன் சென்னிடம் தோற்றார். தற்செயலா?

மால்வேர்ன்வாசி

முழங்காலுக்கும் மொட்டைத் தலைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். எல்லை வகுத்தது நீதிபதி தலைமையிலான ஆணைக்குழு. நாடு முழுக்க வகுத்தார்கள், உங்கள் தெருவுக்கென்று தனியாக வரவில்லை. அதே 2015இல் றூஜ் பார்க்கில் ஹரி ஆனந்தசங்கரி வென்றார். தமிழனைத் தடுக்கப் பிரித்தவர்கள் ஒரு தமிழனை எப்படி உள்ளே விட்டார்கள்? ஆனால் ஒன்று கவனித்தேன், நீங்களே "நான்கு ஆண்டு" என்கிறீர்கள். 2011உடன் நான்கைக் கூட்டுங்கள். 2015. நன்றி.

வடலி

நான் உங்கள் பக்கம் இல்லை. என் கணக்கை எடுத்து உங்கள் கல்லாவில் போடாதீர்கள். ராதிகா புதிய ஜனநாயகக் கட்சி, ஹரி லிபரல். இரண்டும் ஒன்றா?

மூன்றாம்மாடி

கட்சிப் பேச்சு என்று வந்தபிறகு சொல்கிறேன். "முதல் தமிழர்" என்று கொண்டாடுகிறோம், சரி. 1988 முதல் 2011வரை அங்கே டெரெக் லீ என்ற லிபரல் தொடர்ந்து ஏழு தேர்தல் வென்றார். மலரில் அவருக்கு எத்தனை வரி? ஒன்றுகூட இல்லை. 27 ஆண்டு வாழ்ந்த தொகுதியின் வரலாற்றில் 22 ஆண்டுக்கு மேல் அவருடையது.

சட்டப்புள்ளி

அது தமிழ்ச் சங்க மலர். டெரெக் லீயின் குடும்ப மலர் இல்லை.

மால்வேர்ன்வாசி

எல்லோரும் படியுங்கள்! மூன்றாம்மாடி "27 ஆண்டு" என்று எழுதிவிட்டார். 1988உடன் 27ஐக் கூட்டினால் என்ன வரும்? 2018ஆ? காலையில் 2018 என்று சத்தியம் செய்தவர், மாலையில் தன் வாயாலேயே 2015 என்கிறார்.

மூன்றாம்மாடி

நான் சொன்னது கூட்டாட்சித் தொகுதியை. மாகாணத் தொகுதி 2018.

மால்வேர்ன்வாசி

இதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்!

மூன்றாம்மாடி

இல்லை, நீங்கள் சொன்னது "2015" மட்டும். என் பதில் பாதி வேறு. இன்னொரு செய்தி: றேமண்ட் சோ 1988இலேயே அந்தக் கூட்டாட்சித் தொகுதியில் நின்றவர், புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளராக. டெரெக் லீயிடம் தோற்றார். 28 ஆண்டு கழித்து அதே பெயர்கொண்ட மாகாணத் தொகுதியின் கடைசிப் போட்டியில் முற்போக்குப் பழமைவாதக் கட்சிக்காக வென்றார். முதல் தேர்தலிலும் கடைசித் தேர்தலிலும் அவர் பெயர் சீட்டில் இருந்தது. உண்மையில் அந்தத் தொகுதிப் பெயரின் வரலாறு அவருடைய வரலாறு. உங்கள் சண்டையில் இதெல்லாம் அடிபட்டுப் போகிறது.

காவிரிக்கரை

நல்ல தகவல். ஆனால் "றேமண்ட்" என்பதிலும் அதே றகரம்.

நெடுங்கோடு

கடைசி ஆறு பதிவுகளில் ஒருவர்கூட கோடு போடவில்லை. "றூஜ் ரிவர்" என்று பாதிப் பெயரை எழுதித் தப்பித்துக்கொள்கிறீர்கள்.

கேள்விக்குறி

மூன்றாவது தடவையாகக் கேட்க விரும்பவில்லை, இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன். "ஒழிக்கப்பட்டது" என்றால் அறிவித்ததா, அமலானதா? எதுவென்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இல்லை.

சட்டப்புள்ளி

மலரின் இரண்டாம் பதிப்பு தைப்பொங்கலுக்கு வருகிறது. அதிலும் 2013 என்றுதான் இருக்கும். வேண்டுமானால் கோட்டை நீட்டிவிடுகிறேன்.

மால்வேர்ன்வாசி

நீட்டுங்கள். பக்கத்திலேயே "விபரம் அறியாமல் எழுதப்பட்டது" என்றும் போடுங்கள். அப்பாவின் அட்டையைப் படம் எடுத்து இங்கே போடலாம் என்றிருந்தேன், இந்தச் சபைக்கு அது வேண்டாம்.

வடலி

நீங்கள் இங்கே அடிபட்டுக்கொண்டிருக்க, றூஜ் பார்க் தொகுதியும் இப்போது இல்லை. 2025 தேர்தலில் அதை ஸ்காபரோ—கில்ட்வுட்—றூஜ் பார்க் ஆக்கிவிட்டார்கள்.

சட்டப்புள்ளி

2025இல் இல்லை. பிரகடனம் 2023.

மால்வேர்ன்வாசி

பாராளுமன்றம் கலைந்தது 2025 மார்ச் 23. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். இதற்குத் தனி இழை திறக்கிறேன், அங்கே வாருங்கள்.