விளையாட்டு அனிமே பார்த்துத் தேறியவர்கள் உண்டா? எனக்குக் கூச்சம்தான் மிஞ்சுகிறது

கேள்வி: பின்னிரவு

வேலை போய் ஏழு மாதங்கள் ஆகின்றன. விண்ணப்பம் அனுப்புவதும் பதிலுக்குக் காத்திருப்பதுமாகப் பகல் கழிந்துவிடுகிறது. இரவில் உறக்கம் பிடிக்காததால் ஹைக்யூ என்ற கைப்பந்து அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். கைப்பந்தைத் தொட்டுக்கூடப் பார்த்திராத நான், முதல் சீசனின் 25 எபிசோடுகளையும் நான்கே இரவுகளில் முடித்துவிட்டேன். பார்க்கும் நேரத்தில் மனப் பாரம் குறைவது உண்மைதான். ஆனால் விடிந்ததும் அது இரட்டிப்பாகத் திரும்பி வந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுகிறார்கள், நானோ ஒரு மின்னஞ்சலைத் திறக்கவே அஞ்சுகிறேன் என்ற கூச்சம் வாட்டுகிறது. களத்தில் ஒருவன் "இன்னும் முடியவில்லை" என்று கத்தினால், என்னைக் குத்திக்காட்டுகிறானோ என்றுகூடத் தோன்றுகிறது. இது ஆறுதலா, அல்லது ஒளிந்துகொள்ள ஓர் இடமா? இப்படிப்பட்ட காலத்தைக் கடந்தவர்கள் எதைப் பார்த்தீர்கள், எப்படிப் பார்த்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மூன்றாவது செட்

கத்தும் காட்சிகள் எனக்கும் உதவியதில்லை. நீங்கள் பார்த்து முடித்த அதே சீசனில், நாயகன் ஹினாட்டாவின் கராசுனோ பள்ளி அணி, ஆவோபா ஜோசாய் பள்ளி அணியிடம் தோற்ற பிறகு வரும் காட்சியை மட்டும் தனியாக மறுபடியும் பாருங்கள். மூன்றாவது செட்டை 33-31 என்ற கணக்கில் இழந்து, கடைசிப் பந்தும் ஹினாட்டாவின் கையிலிருந்து போய்த் தடுக்கப்பட்டு, எல்லோரும் வாயடைத்து நிற்கிறார்கள். பயிற்சியாளர் உக்காய் அவர்களைச் சாப்பிட அழைத்துச் செல்கிறார். ஓடியும் குதித்தும் அறுந்துபோன தசை நார்கள் சாப்பிட்டால்தான் சீராகும், உடம்பு வலுப்பெறுவது அப்படித்தான் என்று பாடம் நடத்துவதைப் போலச் சொல்கிறாரே தவிர, அழாதே என்று ஒருவரிடமும் சொல்வதில்லை. பிள்ளைகள் அழுதுகொண்டே சோற்றை வாயில் அள்ளி வைக்கிறார்கள்.

என் தந்தை மறைந்த ஆண்டில் எத்தனையோ பேர் எனக்குத் தைரியம் சொன்னார்கள். நான் அன்று சாப்பிட்டேனா என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அதனால்தானோ என்னவோ, அந்தத் தொடரின் வெற்றிகளெல்லாம் மங்கிப்போன பிறகும் இந்தக் காட்சி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. விளையாட்டு அனிமேவை வெற்றிக் கதையாக எடுத்துக்கொண்டால் கூச்சம்தான் மிஞ்சும். தோற்ற அன்று மாலை ஒருவன் என்ன செய்கிறான் என்பதைக் கவனித்தால் வேறொன்று கிடைக்கும்.

பதில் 2: கோட்டுக்கு வெளியே

உங்களை வாட்டுவது தோல்வியைவிட வீணாய்ப் போன மாதங்கள்தான் என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் ஸ்லாம் டங்க் என்ற கூடைப்பந்துத் தொடரில் வரும் மிட்சுயியைக் கவனியுங்கள். தொடர் பழையது; 1993 முதல் 1996 வரை ஒளிபரப்பாகி, 101 எபிசோடுகளில் கதையின் நடுவிலேயே நின்றுவிட்டது. எஞ்சியிருந்த பெரிய ஆட்டத்தை மூலக்கதை ஆசிரியர் தகெஹிகோ இனோவே தாமே இயக்கி 2022-இல் திரைப்படமாக்கினார்.

மிட்சுயி நடுநிலைப் பள்ளியில் சிறந்த ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கியவன். முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தை விட்டவன், ரவுடிக் கும்பலோடு சேர்ந்து, தன் பழைய அணியையே ஒழித்துக்கட்டும் எண்ணத்தோடு மைதானத்துக்குள் நுழைகிறான். அங்கே பயிற்சியாளரைக் கண்டதும் உடைந்து அழுது, கூடைப்பந்து ஆட வேண்டும் என்று கேட்கிறான். எல்லோரும் புகழ்வது இந்தக் காட்சியைத்தான். எனக்குப் பெரிதாகப்படுவது அதற்குப் பிறகு ரியோனான் அணியுடன் நடக்கும் ஆட்டம். திரும்பி வந்தவனுக்குத் திறமை இருக்கிறது, மூச்சுத்தான் இல்லை. பானம் அடைத்த டின்னின் மூடியைத் திறக்கக்கூட விரல்களில் வலுவில்லாமல், ஏன் இத்தனை காலத்தை வீணாக்கினேன் என்று தனியே உட்கார்ந்து கலங்குகிறான். இழந்த ஆண்டுகளை இனோவே அவனுக்குக் கடைசிவரை திருப்பித் தருவதில்லை. களைத்த உடம்போடேயே ஆடவிடுகிறார். அந்த நேர்மைதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

பதில் 3: அரைத்தூக்கம்

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். குத்துச்சண்டையைப் பற்றிய ஹாஜிமே நோ இப்போவின் முதல் தொடரில் 75 எபிசோடுகள். அவற்றை நான் ஒரே வாரத்தில் பார்த்தேன். நாயகன் விடியற்காலையில் ஓடப் புறப்படும் காட்சிகளை விடியற்காலை நான்கு மணிக்குப் படுத்துக்கொண்டு பார்த்த என் நிலையை என்னவென்று சொல்வது! தொடரின் மீது குற்றமில்லை, நான் பார்த்த விதத்தில்தான் குற்றம். நாளுக்கு இரண்டு எபிசோடுகள், அதுவும் மாலையில் என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் உறக்கம் ஓரளவு திரும்பியது. வாரக்கணக்கில் உறக்கமில்லை என்றால், அனிமே ஒரு பக்கம் இருக்கட்டும், மருத்துவரையும் பாருங்கள்.

பதில் 4: பத்தாவது ஆள்

ரன் வித் த விண்ட், மொத்தம் 23 எபிசோடுகள். ஒரே விடுதியில் தங்கியிருக்கும் பத்து மாணவர்கள் ஹகோனே எகிடென் ஓட்டத்துக்குத் தயாராகும் கதை. இது ஜப்பானில் ஆண்டுதோறும் ஜனவரி 2, 3 தேதிகளில் உண்மையாகவே நடக்கும் பல்கலைக்கழக அஞ்சலோட்டம்; பத்துப் பேர் சேர்ந்து சுமார் 217 கிலோமீட்டரை ஓடி முடிக்க வேண்டும், கோலுக்குப் பதிலாகத் தோளில் குறுக்கே அணியும் தசுகி என்ற துணிப்பட்டை கைமாறும். அந்தப் பத்துப் பேரில் மங்கா (ஜப்பானியப் படக்கதை) பைத்தியமான ஓஜி என்பவனுக்கு ஓட்டமே வராது. அறையில் ஓடுபொறியின் மீது மங்கா படித்துக்கொண்டே ஓடிப் பழகுவான். பந்தய நாளில் முதல் ஆளாக ஓடி, கடைசி இடத்தில்தான் வருவான். ஆனாலும் பட்டை அடுத்தவன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நாயகர்களைப் பார்த்துக் கூச்சப்படுபவர்களுக்கு ஓஜி நல்ல துணை.

பின்னிரவு

எல்லோருக்கும் நன்றி. சாப்பிடும் காட்சியை நேற்று மறுபடியும் பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது, அடுத்த ஆட்டம் எப்போது வரும் என்ற அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். இன்று காலை, ஐந்து நாட்களாகத் திறக்காமல் வைத்திருந்த ஒரு மின்னஞ்சலைத் திறந்தேன். நான் நினைத்தபடியே மறுப்புக் கடிதம்தான். வழக்கமாக அதன் பிறகு போய்ப் படுத்துவிடுவேன். இன்று எழுந்து போய்ச் சாப்பிட்டேன். ஓஜியை நாளை மாலையில் தொடங்குகிறேன், இரண்டே எபிசோடுகள்.